கல்வராயன் மலையில் சிறு வேட்டைத் துப்பாக்கி: நாட்டுத் துப்பாக்கி முதல் ஏர்கன் வரை

கல்வராயன் மலை மக்கள் முயல், காடை, கௌதாரி போன்ற சிறு உயிர்களை வேட்டையாடவும், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவும் காலந்தோறும் பயன்படுத்திய கருவிகளையும், அவற்றைக் கட்டுப்படுத்திய சட்டங்களையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் கூறுகிறது. கண்ணி, கவண் என்று தொடங்கி, வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி வழியாக, இன்று கடையில் கிடைக்கும் காற்றுத் துப்பாக்கி (ஏர்கன்) வரை இந்த வரலாறு நீள்கிறது.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கேள்வி. கரியாலூர்ப் பக்கத்திலிருந்து கீழே படிக்க வந்த பையன் ஒருவன், "சார், லைசென்ஸ் இல்லாமலே ஏர்கன் வாங்கலாமாமே. முயலுக்கு எது சார் நல்லா இருக்கும்?" என்று கேட்டான். அந்த ஒரு வரியில் மூன்று கேள்விகள் அடங்கியிருந்தன. ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது? வனவிலங்குச் சட்டம் என்ன சொல்கிறது? அந்தக் கருவியால் உண்மையில் என்ன செய்ய முடியும்? மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காதவர்கள்தாம் தெரியாமல் வழக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மலையும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கே சவ்வாது மலையும், மேற்கே சேர்வராயன் மலையும், தெற்கே பச்சைமலையும் இதன் அண்டை மலைகள். கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகள் இங்கிருந்து இறங்குகின்றன. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளன. முன்பு தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது.

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. கேரளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் வழி வந்தோர் தாங்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை பழைய பயிர்கள். கடுக்காய், புளி, தேன் ஆகியவை காட்டு வருமானம். மரவள்ளி பின்னர் பரவிய பயிர்.

மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பட்டப்பெயர் கொண்ட மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆன பிறகு, 1976-ல்தான் அரசு இம்மலையை ஜாகீர் முறையிலிருந்து விடுவித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சமவெளியில் எப்போதோ வந்துவிட்ட நில உரிமையும் சட்ட அறிவும் இங்கே ஒரு தலைமுறை தாமதமாக வந்தன. துப்பாக்கியின் கதையைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கிக்கு முன்

குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காப்பது சங்க இலக்கியம் முழுவதும் வரும் செய்தி. கிளியை ஓட்டத் தட்டை, குளிர் என்னும் ஒலிக்கருவிகளும், கல்லெறியக் கவணும் இருந்தன. பரண் கட்டி இரவில் காவல் இருப்பது இன்றும் மலைக்காடுகளில் காணும் வழக்கம்.

முயலுக்குக் கண்ணியும் வலையும், பறவைக்குச் சுருக்கும் உண்டிவில்லும், பன்றிக்கு ஈட்டியும் நாயும் என்று உயிருக்கு ஏற்பக் கருவி மாறியது. மலையின் வடக்கே செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. தமிழகத்தின் நடுகல் மரபில் 'பன்றி குத்திப்பட்டான் கல்' என்று ஒரு தனி வகையே உண்டு. பயிரை அழிக்க வந்த பன்றியோடு போரிட்டு மாண்டவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. வேட்டையும் பயிர்க்காவலும் ஒன்றாகவே இருந்த காலத்தின் சான்று என்று இதைக் கொள்ளலாம்.

பொங்கல் காலத்தில் ஊர் கூடி வேட்டைக்குப் போகும் வழக்கம் மலையாளி மக்களிடம் இருந்தது. அது விழாவின் ஒரு பகுதி. கிடைத்த இறைச்சி ஊருக்குப் பொதுவாகப் பங்கிடப்பட்டது.

நாட்டுத் துப்பாக்கி

வேட்டையின் தன்மையை மாற்றியது துப்பாக்கி. மலையூர்களில் புழங்கியது வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. இதன் செயல்முறை எளியது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த கருமருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டுவார்கள். அதன் மேல் தேங்காய் நாரையோ துணியையோ வைத்து, நீண்ட கம்பியால் இடிப்பார்கள். பிறகு ஈயக் குண்டோ, பால்ரஸ் எனப்படும் சிறு இரும்புக் குண்டுகளோ போட்டு, அவை உருண்டு விழாமல் மேலும் ஓர் அடைப்பு வைப்பார்கள். குழலின் பின்பக்கம் உள்ள சிறு முலையில் கேப்பைப் பொருத்தி, விசையை இழுத்தால் குதிரை வந்து அதன் மேல் அடிக்கும். பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். அடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு 1807-ல் ஸ்காட்லாந்து மதபோதகர் அலெக்சாண்டர் ஃபோர்சித் காப்புரிமை பெற்றார். கேப்பு அதிலிருந்து வளர்ந்தது. ஐரோப்பா அதைக் கைவிட்டுத் தோட்டாவுக்கு மாறிய பிறகும் நம் நாட்டு மலைகளில் அது நிலைத்துவிட்டது. காரணம், தோட்டா வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

இதன் குறைகளும் அதே எளிமையிலிருந்து வந்தவை. ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். மழையில் மருந்து நமத்துப்போகும். மருந்தின் அளவு கை மதிப்புதான். கூடிவிட்டால் குழல் வெடிக்கும். தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த குழலாக இருந்தால் அந்த ஆபத்து பல மடங்கு. குண்டுகள் சிதறிப் பாய்வதால், புதரில் அசைவதைப் பன்றி என்று நினைத்துச் சுட்டு, உடன் வந்தவர் உயிரிழந்த நிகழ்வுகள் தமிழகத்து மலைகளில் நடந்துள்ளன.

ஆயுதச் சட்டங்கள்

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கில அரசு இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதை அஞ்சியது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் வந்த இந்திய ஆயுதச் சட்டம், துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. காங்கிரசின் தொடக்கக் காலக் கோரிக்கைகளில் இச்சட்டத்தை மாற்ற வேண்டும் என்பதும் ஒன்று.

விடுதலைக்குப் பின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அதன் 13-ஆவது பிரிவு இரண்டு வகைத் துப்பாக்கிகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது. ஒன்று, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ பயன்படும், குழல் 20 அங்குலத்துக்குக் (சுமார் 51 செ.மீ.) குறையாத வரியில்லாத் துப்பாக்கி. மற்றொன்று, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. அதாவது, மலை உழவரின் துப்பாக்கியைச் சட்டம் அறிந்தே இருந்தது; பயிர் காப்பதற்கென்று அதற்கு ஓர் இடமும் கொடுத்தது. ஆனால் உரிமம் பெறுவதற்கு மனு, விசாரணை, புதுப்பித்தல் என்று பல படிகள் உண்டு. எழுத்தறிவும் சாலையும் எட்டாத ஊர்களில் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. இதையே செய்தித்தாள்கள் 'கள்ளத் துப்பாக்கி' என்கின்றன. இவற்றைத் தாமாக ஒப்படைக்கும்படி மலையூர்களில் காவல்துறை அறிவிப்புச் செய்வதும், சோதனையில் பறிமுதல் செய்வதும் தொடர்ந்து நடந்துவருகின்றன.

'சிறு வேட்டை உயிர்' என்ற சட்டப் பிரிவு

வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் தமிழகத்தில் பழையவை. நீலகிரிக்கென்று 1879-லேயே வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. 1912-ல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவுக்குப் பொதுவாக வந்தது. இவற்றின் நோக்கம் பெரும்பாலும் வேட்டையை ஒழுங்குபடுத்துவதே. இனப்பெருக்கக் காலத்தில் சுடக்கூடாது, பிற மாதங்களில் சுடலாம் என்ற அளவில் அவை இருந்தன.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் வேட்டையை முழுதாக ஒழிக்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. அதில் சிறப்பு வேட்டை உரிமம், பெரு வேட்டை உரிமம், சிறு வேட்டை உரிமம், உயிரோடு பிடிக்கும் உரிமம் என்று நான்கு வகைகள் இருந்தன. சிறு வேட்டை உயிர்கள் நான்காம் பட்டியலில் இருந்தன. முயலும் கௌதாரியும் காடையும் அதில் அடங்கும். உரிமம் பெற்றவர் தாம் கொன்ற விலங்குகளுக்குக் கணக்கு வைத்து ஒப்படைக்க வேண்டும் என்று 10-ஆவது பிரிவு கூறியது.

1991-ல் செய்யப்பட்ட திருத்தம் இந்த உரிமங்கள் அனைத்தையும் நீக்கியது. கணக்கு வைக்கச் சொன்ன 10-ஆவது பிரிவும் தேவையற்றுப் போய் நீக்கப்பட்டது. பட்டியலில் உள்ள எந்த விலங்கையும் வேட்டையாடக்கூடாது என்று 9-ஆவது பிரிவு மாறியது. ஆக, இந்தியாவில் 'சிறு வேட்டைக்கு உரிமம்' என்ற ஒன்று 1991-க்குப் பிறகு இல்லை.

2022-ல் மற்றொரு திருத்தம் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல்கள் குறைக்கப்பட்டன. பொதுவான மீறலுக்கு அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாயாக உயர்ந்தது; 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. மயில் போன்ற முதற் பட்டியல் உயிர்களுக்குத் தண்டனை இதைவிடக் கடுமை. 'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளும் விரிவானது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான்.

காற்றுத் துப்பாக்கியின் வரலாறு

காற்றின் அழுத்தத்தால் குண்டைத் தள்ளும் துப்பாக்கி புதிய கருவி அல்ல. 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரியப் படையில் கிரண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கி இருந்தது. புகையும் தீப்பொறியும் இல்லாமல் இருபது குண்டுகள் வரை அடுத்தடுத்துச் சுடக்கூடிய அதன் காற்றுக் கலத்தை நிரப்ப ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. 1804–1806-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் பயணம் போன லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுசென்றனர்.

அது எளிய மக்களின் பொருளாக மாறியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காற்றாலை செய்த ஒரு நிறுவனம், காற்றாலை வாங்கும் உழவருக்கு இலவசமாக ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கொடுத்தது. காற்றாலையைவிடத் துப்பாக்கிக்கே கேட்பார் மிகுந்ததால், நிறுவனம் 1895-ல் டெய்சி என்று பெயரையே மாற்றிக்கொண்டது.

இந்தியாவில் காற்றுத் துப்பாக்கியால் புகழ்பெற்ற ஒரு பறவை உண்டு. மும்பைச் சிறுவன் சாலிம் அலி, மாமா கொடுத்த விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் கறை இருந்தது. அது என்ன குருவி என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றான். அங்கிருந்த மில்லர்ட் என்ற ஆங்கிலேயர், பாடம் செய்து வைத்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். இந்தியாவின் மிகப் பெரிய பறவையியல் அறிஞர் உருவானது அங்கிருந்துதான். 1985-ல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கே அவர் அந்தச் சிட்டின் பெயரால் தலைப்பிட்டார்.

நம் ஊர்களில் ஏர்கன் என்றால் திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். விளையாட்டு அரங்கில் அதற்கு வேறு மதிப்பு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984 முதல் ஒலிம்பிக்கில் உள்ளது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றது இதில்தான். நம் அண்டை மாவட்டமான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான்.

எது ஏற்றது என்ற கேள்வி

ரைஃபிள் என்ற பெயர் குழலின் உட்புறம் வெட்டப்பட்ட சுருள் வரிகளால் வந்தது. அந்த வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நேராகப் போகும். காற்றுத் துப்பாக்கியில் பரவலானவை இரண்டு அளவுகள்: 0.177 அங்குலம் (4.5 மி.மீ.), 0.22 அங்குலம் (5.5 மி.மீ.).

குண்டின் ஆற்றலைப் பள்ளி இயற்பியலால் கணக்கிடலாம். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 0.52 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. குண்டு நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் சுமார் 16 ஜூல். 0.95 கிராம் எடையுள்ள 5.5 மி.மீ. குண்டு 180 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 15 ஜூல். ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. சிறியது வேகமாகவும் நேராகவும் போகும். பெரியது மெதுவாகப் போனாலும் அகன்ற காயம் ஏற்படுத்தும். ஒலிம்பிக் போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் 8 ஜூல் அளவே. தாளைத் துளைக்க அது போதும்.

இங்கிலாந்தில் முயல் பயிரை அழிக்கும் உயிராகக் கருதப்படுவதால் அதைச் சுட அனுமதி உண்டு. அங்கே தனிச் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் காற்று ரைஃபிளுக்கு எல்லை 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். 1969 விதிகள் இதை வகுத்தன. ஜெர்மனியில் அந்த எல்லை 7.5 ஜூல். இங்கிலாந்திலும், தலையைத் துல்லியமாகச் சுடும் திறமை இல்லாதவர் விலங்கின் மீது சுடக்கூடாது என்பது வேட்டைக்காரர்களே வகுத்துக்கொண்ட ஒழுக்கம். வேகம் குறையக் குறைய ஆற்றல் விரைவில் குறைந்துவிடும். முப்பது மீட்டரைத் தாண்டினால் குண்டு கொல்லாமல் காயப்படுத்தும். முயல் புதருக்குள் போய் நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 0.177 அங்குலத்துக்கு மேலோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அதற்கு உட்பட்டவற்றுக்கு வேண்டாம். அந்தப் பையன் கேள்விப்பட்டது இந்த விதியைத்தான், அது உண்மையே. ஆனால் அது ஆயுதச் சட்டத்தின் விடை மட்டும். கையில் இருப்பது உரிமம் தேவையில்லாத ஏர்கன் ஆனாலும், கவண் ஆனாலும், வெறுங்கை ஆனாலும், அதனால் முயலைக் கொன்றால் வனவிலங்குச் சட்டத்தின்படி ஒரே குற்றம்தான். பயன்படுத்திய கருவியும் பறிமுதலாகும். ஆகவே, 'முயல் வேட்டைக்கு ஏற்ற ஏர்கன் எது' என்ற கேள்விக்கு இந்தியாவில் விடை இல்லை. தாள் இலக்கைச் சுடப் பழக எது நல்லது என்று கேட்டால், 0.177 அளவுள்ள, ஆற்றல் குறைந்த ரைஃபிள் என்று சொல்லலாம். அதையும் பயிற்சியாளர் முன்னிலையில், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்தே பழக வேண்டும்.

அருணாசலத்தின் முன்மாதிரி

வேட்டையை வாழ்வின் பகுதியாகக் கொண்ட மற்றொரு மலை மாநிலம் இக்கேள்வியை வேறு விதமாக எதிர்கொண்டது. அருணாசலப் பிரதேசத்தில் காற்றுத் துப்பாக்கி எளிதில் கிடைத்ததால் சிறுவர்கள்கூடப் பறவைகளைச் சுட்டனர். காட்டில் பறவை ஒலி குறைந்தது. 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்தின் லும்டுங் என்னும் ஊரில், ஏர்கன்களைத் தாமாக ஒப்படைக்கும் இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. முதல் நாளில் 46 துப்பாக்கிகள் வந்தன. வழக்கு இல்லை, மிரட்டல் இல்லை. ஒப்படைத்தவரை மேடையில் பாராட்டினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் மாநிலமெங்கும் அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்காக வளர்ந்தது.

பயிர்க்காவல் இன்று

வேட்டை நின்றுவிட்டது என்பதற்காக மரவள்ளிக் கிழங்கைத் தோண்டும் பன்றி நின்றுவிடவில்லை. மலை உழவரின் குறை இதுதான். அது நியாயமான குறை. சட்டத்தில் இதற்கு வழி உண்டு. 11-ஆவது பிரிவின்படி, மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தான விலங்கை அகற்ற வனத்துறையின் உயர் அலுவலர் எழுத்து மூலம் அனுமதி தரலாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். காட்டை ஒட்டியே வயல் வைத்திருக்கும் கல்வராயன் மலை உழவர்களில் பலருக்கு இந்த மூன்றாம் நிலை பயன்படாது. அவர்களுக்கு வேலியும், இழப்பீட்டு மனுவும், ஊர்க் காவலுமே மிஞ்சுகின்றன. இழப்பீட்டை விரைந்து தருவதுதான் கள்ளத் துப்பாக்கியைக் குறைக்கும் சிறந்த வழி என்று கூறலாம்.

அந்தப் பையனிடம் நான் சொன்னதும் இவ்வளவே. "தம்பி, ஏர்கன் வாங்கலாம், முயலைச் சுடக்கூடாது. முயல் உங்கள் காட்டில் என்ன செய்கிறது என்றால் எழுதிக்கொண்டு வா. துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன்." அவன் சிரித்தான். அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். முயல் எந்தப் பொழுதில் சாமைக் கொல்லைக்குள் இறங்கும், எந்த வழியாகத் திரும்பும் என்று அதில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர்கள் சேர்த்து வைத்த அறிவு அது. துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் அந்த அறிவு வீணாகாது. எழுதி வைக்கத்தான் ஆள் வேண்டும்.